வலப்பக்கம், இறக்கைக்கு முன்னால்

என்னை வம்பிழுத்தே வளர்த்த செல்வம் அண்ணா,

நேற்று சாயங்காலம் விமானம் ஏறிவிட்டேன். நீ சொன்ன இருக்கைதான். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும்போது வலப்பக்கம், இறக்கைக்கு முன்னால். காலை விமானம் வேண்டாம், எதிர்வெயிலில் ஒன்றும் தெரியாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! "மொதல்ல ஏறு, அப்பறம் ஜன்னலப் பத்திப் பேசு" என்று உன்னைக் கிண்டல் செய்தவள் நான்தான்.

உன் மகள் கவிதா, குழந்தைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டிருந்தாள். விமானத்தில் வருகிறேன் என்றதும் போனிலேயே கத்தினாள். "இன்னா அத்த, புத்தி கெட்டுப்போச்சா? பங்காருபேட்டையில ரயில் ஏறுனா நேரா மெட்ராஸ். நீ பெங்களூருக்குப் பின்னாடி போயி, நம்ம ஊரு மேலயே பறந்து வரப்போறியா?"

"ஆமாண்டி, மேலயே பறந்துதான் வரணும்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

பாறை வெடித்து அப்பா தங்கச் சுரங்கத்துக்குள்ளேயே போன பிறகு, உடலை மேலே கொண்டுவரவே முடியவில்லையே. ஷிப்ட் முடிந்து ஒவ்வொரு தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதும் அம்மா எட்டிப் பார்ப்பாள். நமக்கு மண் போட ஒரு குழிகூட இல்லை. "எந்த எடத்துல கெடக்காருன்னு கீழேர்ந்து தெரியாது மல்லி. மேலேர்ந்து பாத்தா மொத்தத்தையும் ஒரே தபா பாத்துடலாம்" என்பாய்.

நீ விமானம் ஏறவே இல்லை. மாரிகுப்பத்திலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில், கைக்குட்டை வீசி இடம்பிடித்த அதே ஜன்னலோரத்தில், கண்ணாடியில் தலை சாய்த்தபடியே போய்விட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்து உன் ரயில் கூட்டாளிகள் எழுப்பவில்லை. பெங்களூரில் எல்லோரும் இறங்கும்போதுதான் தெரிந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் முதலில் ஒரு கைக்குட்டையைப் போடுகிறார்கள். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் யாராவது ஏறி உட்காரப்போனால், "ஆள் வர்றாருங்க" என்கிறார்களாம். இதை நான் எப்படித் தாங்குவது, சொல்லு?

உன் கைக்குட்டை நேற்று என்னிடம்தான் இருந்தது. விமானத்துக்குள் எனக்கு முன்னால் ஒருவர் வேகமாகப் போனார். அவ்வளவுதான், என் கை தானாக எழுந்து, அவர் தோளுக்கு மேலாக அதை ஜன்னல் இருக்கையில் வீசிவிட்டது! "அம்மா, நம்பர் போட்ட சீட்டு, யாரும் புடுங்க மாட்டாங்க" என்று பணிப்பெண் தமிழிலேயே சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உட்கார்ந்ததும் நின்றுபோனது.

ஜன்னலில் ஓர் எண்ணெய்க் கறை. எனக்கு முன்னால் யாரோ தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் உன் தலை பட்ட கறை நம் ஊரிகம் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க நான் யாரையும் விடவில்லை. இதுவும் அதே அளவு, அதே உயரம். பயந்துவிட்டேன் அண்ணா. உன்மேல் சாய்ந்துவிடக் கூடாது என்பது போல ஒதுங்கியே உட்கார்ந்திருந்தேன்.

விமானம் ஏறித் திரும்பியது. ஏரிகள் தெரிந்தன, வயல்கள் தெரிந்தன. தூரத்தில், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய நம் சயனைடு மண்மேடு வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது, சரியாக அந்தக் கறைக்குப் பின்னால். நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், கறை மறைத்துக்கொண்டே இருந்தது. துடைத்தால் நீ போய்விடுவாய். துடைக்காவிட்டால் அப்பா போய்விடுவார். நான் என்ன செய்ய?

"தொடச்சிட்டுப் பாரு மல்லி, லூசு." காதுக்குப் பக்கத்தில் உன் குரல். சத்தியமாகக் கேட்டது.

உன் கைக்குட்டையாலேயே துடைத்தேன். கீழே நம் ஊர் மொத்தமும் சிந்திய கோலமாவு மாதிரி கிடந்தது. அப்பா எங்கே என்று மேலேயிருந்தும் தெரியவில்லை. ஆனால் உன்னைப் புதைத்ததும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தானே! அப்பாவைத் தேடிப்போய் உன்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். ஆசைப்பட்டவன் கீழே, கிண்டல் செய்தவள் மேலே. அழுதேன், பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி வர இடப்பக்க ஜன்னல் எடுத்திருக்கிறேன். கண்டிப்பாகப் பார்ப்பேன், இனி எப்போது பறந்தாலும் பார்ப்பேன். மேலே சத்தம் கேட்டால் அப்பாவை எழுப்பு. தூங்குகிறார் என்று விட்டுவிடாதே. ஜன்னலோரத்தில் நான் இருப்பேன்.

உன் ஒரே தங்கச்சி,
மல்லிகா