நான்காம் எண் பிரஸ்ஸும் காலை வணக்க ரோஜாக்களும்

அனுப்புநர்:
ம. கலைமணி,
பிரஸ் பிரிவு ஆபரேட்டர்,
நிலவரசு பிரஸ் பார்ட்ஸ்,
பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: ஆபத்து அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வைத்ததால் தொழிலாளி இசக்கி விரல்களை இழந்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் நான்காம் எண் பிரஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பட்டனை விட்ட பிறகும் சில சமயம் இன்னொரு முறை இறங்கும். இதைக் கண்ட ஆபரேட்டர் பாண்டுரங்கன், சிவப்பு அட்டையில் எழுதி எந்திரத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெளிநாட்டு ஆடிட்டர்கள் வருகிறார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நிர்வாகம் அதை அவிழ்த்தது. எந்திரத்தைப் பழுது பார்ப்பதைவிட அட்டையை அவிழ்ப்பது சுலபம்தானே, குறை சொல்வதற்கில்லை.

2. இனி எல்லாத் தகவலும் 'பிரஸ் லைன் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். பாண்டுரங்கனும், "4ம் நம்பர்ல பட்டன வுட்டாலும் இன்னொரு தபா எறங்குது, கைய வுடாதீங்க" என்று பதிவிட்டார். அதன்மேல் காலை வணக்க ரோஜாக்கள், சூப்பர்வைசர் மகளின் பிறந்தநாள், யாரோ தொலைத்த டிபன் பாக்ஸ் எல்லாம் வந்து விழுந்தன. பாண்டுரங்கன் மறைமலை நகரில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

3. அதன்பின் சேர்ந்தவர் இசக்கி. ஊர் சங்கரன்கோவில் பக்கம், தண்டலத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். குழுவில் அவரையும் சேர்த்தார்கள். சேர்வதற்கு முன் வந்த செய்தி எதுவும் அவர் போனில் இல்லை என்பது நிர்வாகத்துக்கு மட்டும் தோன்றவில்லை. அந்த வாரமே பிரஸ் இரண்டாம் முறை இறங்கி, வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில், "நின்னுட்டுன்னு நெனச்சுதாம்க்கா கைய விட்டேன்" என்று, ஏதோ அவர் தப்பு செய்ததுபோல் என்னிடம் சொன்னார்.

4. நிர்வாகத்தின் முடிவு: தகவல் குழுவில் முன்பே உள்ளது, இசக்கி படிக்கவில்லை, ஆகவே அவரது கவனக்குறைவு. அவர் கனவிலாவது வாசித்திருக்க வேண்டும் போலும். அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்து நான் மறுபடி குழுவில் போட்டேன். குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்ததாக, அட்மினான சூப்பர்வைசர் என்னை நீக்கிவிட்டார்.

5. திங்கட்கிழமை முதல் அந்த பிரஸ்ஸில் நாச்சியார் என்ற புதுப் பெண் நிற்கப்போகிறாள். குழுவில் ரோஜாக்களுடன் வரவேற்பு பலமாம். உடை மாற்றும் அறையில் நான் வாயால் சொல்லிவிட்டேன். அவளுக்குப் பின் வருபவளுக்கு யார் சொல்வார்?

ஆகவே, இசக்கிக்கு நேர்ந்ததை வேலையிட விபத்தாகப் பதியவும், பழுது நீங்கும்வரை பிரஸ்ஸை நிறுத்தவும் ஆணையிடக் கோருகிறேன். பதிலைத் தபாலில் அனுப்பினால் போதும், வாட்ஸ்அப் வேண்டாம்.

இடம்: பென்னலூர்
நாள்: 14.11.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
ம. கலைமணி

இணைப்பு: கயிறு கட்டிய சிவப்பு அட்டை ஒன்று. நான் மாட்டினால் அவிழ்த்துவிடுவார்கள். தாங்கள் வந்து மாட்டவும்.