அக்காவுக்கு மிச்சம் வைக்காத வெந்நீர்

மச்சான்,

இன்று விடியுமுன் புகை வாசனைதான் என்னை எழுப்பியது. ஈர விறகின் புகை. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. போய்ப் பார்த்தால், நேற்றுச் சாயங்காலம் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா, எழுபதை நெருங்கும் உங்கள் பெண்சாதி, என் அடுப்பின் முன் குந்தி ஊதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவள் கையோடு கொண்டுவந்த உங்கள் பித்தளைக் கெண்டி. மூக்கு நசுங்கியது நசுங்கியபடியே இருக்கிறது.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒளுவுக்குக் கைகால் கழுவத் தண்ணி காய வெக்கிறேன் கண்ணு. ஆம்பள எந்திரிக்கிற நேரமாச்சில்ல."

நீங்கள் மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்கு இன்னும் விடுதலை இல்லை. எனக்கு வந்த கோபத்தைத்தான் இங்கே சொல்கிறேன். எழுத்து தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கடுமையாக ஏதாவது வந்தால் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன்.

அந்தக் காலத்தில் நீங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நான் காப்பிச் செடி கவாத்து செய்கிறவன். எஸ்டேட் லைன் வரிசையில் அடுத்தடுத்த வீடு, நடுவே ஓடு வரை ஏறாத ஒற்றைச் சுவர். உங்கள் விடியற்காலை சுபுஹுத் தொழுகையை எல்லோரும் மெச்சுவார்கள். மழை சாய்த்து அடித்தாலும் நீங்கள் பிந்தியதில்லை. சர்ச்சுக்குப் போகும் எதிர் வீட்டு வேதக்காரம்மா, "உங்க மச்சான் ஓதற சத்தம் கேட்டுத்தானுங்க நான் அடுப்பே பத்த வெக்கிறது" என்பார். அக்கா பற்ற வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது?

தொழுது முடித்துத் துஆவுக்குக் கையேந்துவீர்கள். தூங்கினவனை எழுப்பினாயே, மூச்சுக் கொடுத்தாயே, கண் கொடுத்தாயே என்று ஒவ்வொன்றுக்கும் நன்றி. முதலில் அரபியில், பிறகு தமிழில். அழுகிற குரல். அடுப்படியில் அக்காவுக்கு இளைப்பு. "மூச்சுக் குடுத்த ரப்பே" என்று நீங்கள் இழுக்கும்போது சரியாக அவள் மூச்சுக்குத் தவித்து இருமுவாள். நீங்கள் நிறுத்துவீர்கள். எழுந்து போய் அவள் முதுகைத் தடவ அல்ல. துஆ கெட்டுவிடக் கூடாதே என்று. இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள்.

ஒரு நாள் அவளிடமே கேட்டேன். "உங்களுக்கு என்னிக்காச்சும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்காருங்களா?"

"அல்லாகிட்டத்தான் அத்தனையும் சொல்றாரே கண்ணு. அதுல நானும் இருப்பேன்."

அதன்பின் வருஷக்கணக்கில் சுவரோரம் படுத்துக் காது கொடுத்தேன். உங்கள் நன்றியில் அரிசி வந்தது, ஓடு வந்தது, ரைட்டர் உத்தியோகம்கூட வந்தது. என் அக்கா வரவே இல்லை.

அப்புறம் அந்த மார்கழி. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த காலை. நீங்கள் அண்டாவைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வெந்நீர்வரை காலில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனீர்கள். அக்கா தொட்டித் தண்ணீரில் கைவிட்டாள். முழங்கை வரை நடுங்கியது. நான் வாசலில் நின்று கேட்டேன்.

"மச்சான், அக்காவுக்கு ஒரு கெண்டி மிச்சம் வெச்சா ஆகாதுங்களா?"

"குளுருல பச்சத்தண்ணில ஒளு செஞ்சா நன்மை நொம்ப, மாப்ளே."

"அப்ப அந்த நன்மைய நீங்க எடுத்துக்கிட்டுச் சுடுதண்ணிய அவங்களுக்குக் குடுங்க."

கெண்டியை வாசற்படியில் வீசினீர்களே, மூக்கு நசுங்கியது அன்றைக்குத்தான். அக்கா அதை எடுத்து விரலால் நிமிர்த்தப் பார்த்துக்கொண்டே என்னைத்தான் திட்டினாள். "உனக்கு வாயே அடங்காதாடா?"

அதோடு நம் பேச்சு நின்றது. உங்களை எடுக்கும் நாளில் உங்கள் மகன் மய்யித்தின் தலைமாட்டில் நின்று கேட்டான்: "எங்கத்தா யார் மனசயாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க." மன்னித்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தேன். அது கடமை. கதவிடுக்கில் நின்று அக்கா என் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவளைப் பலகையில் உட்காரவைத்துத் தண்ணீரை நானே காய்ச்சினேன். கெண்டியில் விளாவி அவள் கையில் ஊற்றினேன். சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கா கண்ணு?"

கேட்டீர்களா மச்சான்? எத்தனை ஆயிரம் விடியல் தண்ணீர் காய்ச்சியவள் கேட்கிறாள்.

முகம் கழுவி முடித்ததும், இதற்காகத்தான் மலையேறி வந்தவள் போலச் சொன்னாள்: "இப்பவாச்சும் மன்னிச்சேன்னு சொல்லிருடா. அவருக்கு அங்க லேசாகும்."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்."

"அது போதுமுங்கக்கா. எங்கிட்ட அந்த மன்னிப்பு இல்ல."

அவள் தொழுகைக்கு முசல்லாவை விரித்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். எனக்கு ஓதச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. விடியலில் எழுந்து நன்றி சொல்லும் அந்த துஆவைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரலில் கேட்டுத்தான் பாடமாக்கினேன். இன்றைக்கும் அதையே ஓதினேன். மூச்சுக் கொடுத்த இடம் வந்ததும் என் நாக்கு தானாக நின்றது. என்றைக்கும் அங்கே நிற்கும். நீங்கள் நிறுத்தியது போல அல்ல. இன்று பக்கத்தில் அவள் இருமினாள்; எழுந்தே போனேன். துஆ பாதியில் கிடந்தது. அவள் முதுகைத் தடவினேன், இருமல் அடங்குகிறவரை.