அம்மாவின் எழுத்து

ஜூன் 3

அக்காவுக்கு,

நீ அம்மாவை உன் பெயரிலிருந்து வெட்டிவிட்டாய்.

நீ அனுப்பிய படத்தில் கோட்டில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பெயர் இருக்கிறது. முன்னால் நிற்க வேண்டிய இனிஷியல் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக அம்மா பள்ளி எழுத்தரிடம் போட்ட சண்டையை நீதான் எனக்குச் சொன்னாய். "ஓடிப்போனவன் எழுத்து எம் புள்ளைங்களுக்கு எதுக்கு? என் பேரோட எழுத்தப் போடுங்க." அவர் போடும்வரை மேசையை விட்டு நகரவில்லை. அதையே தூக்கி எறிந்துவிட்டாய்.

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஒழுங்காகச் சாப்பிடு. கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

தம்பி

ஜூன் 15

கோபக்காரத் தம்பிக்கு,

திட்டுவதற்காகவாவது பேனா எடுத்தாயே. அட்டையின் இரண்டாவது வரியைக் கோட்டின் மடிப்பு மறைத்துவிட்டது, மக்கு. அதில் இருப்பது அம்மாவின் முழுப்பெயர்.

இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நம் வழக்கப்படி இனிஷியலை எழுதி நீட்டினேன். "உங்க குடும்பமே ஒரே எழுத்துதானா?" என்று கவுண்டரில் இருந்தவள் சிரித்தாள். விரித்து எழுதிக் கொடுத்தேன். நடுவில் ஓர் எச் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது, யாரும் அதை உச்சரிப்பதும் இல்லை.

இங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைத் துணிக்கிடங்கில் நாள் முழுக்க அம்மா பெயர்தான். பெரிய டாக்டர் போனில் அம்மா பெயருக்கு முன்னால் ஒரு "மிஸ்" போட்டு, தயவுசெய்து நாலு போர்வை வேண்டும் என்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அம்மா பெருக்குகிற பள்ளியில் யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? முதல் நாள் போனிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், ரெண்டு போர்வை போதும் என்றார்.

அதே பள்ளியில் நீ ஆங்கில வாத்தியார்! வகுப்பெல்லாம் எப்படிப் போகிறது? எழுது.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

மன்னித்துவிடு. என் வாய்க்கு நாலு போட வேண்டும்.

பெயர்களின் மூலத்தைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. ஸ்மித் என்றால் கொல்லன், டெய்லர் என்றால் தையல்காரர். எந்தக் காலத்துப் பாட்டனோ பார்த்த வேலையைப் பெயரில் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார்கள். இங்கே அப்பன் ஆத்தாள் பார்க்கும் வேலையைச் சொன்னால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஏழாம் வகுப்பில், கத்திக்கான ஆங்கிலச் சொல்லை எழுதினேன். முதலில் ஒரு கே நிற்கும், வாயில் வராது. ஒரு காலத்தில் அதற்கும் சத்தம் இருந்தது, இப்போது சும்மா நிற்கிறது என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சத்தமே போடக் கூடாதுன்னா அது எதுக்கு சார் அங்க நிக்குது?" என்றாள். வகுப்பே சிரித்தது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். "ஆயாம்மா, அப்புறம் வந்து பெருக்குங்க" என்று அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

தம்பி

ஜூலை 14

தம்பி,

ஆயாம்மாவா?

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அவனத் திட்டாதடி. சேர்ந்த அன்னைக்கே நாந்தான் சொன்னேன், அங்க என்னை அம்மான்னு கூப்பிடாதடான்னு. அப்புறம் எவன் அவன மதிப்பான்?" என்றாள்.

அவள் சொல்வாள். நீ ஏன் கேட்டாய்? மழையில் குடை எடுத்துப் போ என்றால் கேட்டிருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு என்றால் கேட்டிருக்கிறாயா? இது ஒன்றை மட்டும் எப்படி அத்தனை ஒழுங்காகக் கேட்டாய்?

ஆசிரியர் அறையில் நாற்காலியைத் தள்ளிப் போடுகிறவர்கள் மேல் உனக்குக் கோபம். நீ அம்மாவையே வாசலிலிருந்து தள்ளி அனுப்பியிருக்கிறாய். சிரித்தபடி நின்றவளை.

உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். அதிகாரத்தோடு சொல்கிறேன். அதே ஏழாம் வகுப்பில், அத்தனை பிள்ளைகள் முன்னால், அவளை "அம்மா" என்று கூப்பிடு. கூப்பிட்டுவிட்டு எழுது.

அக்கா

ஆகஸ்ட் 20

என் தம்பிக்கு,

உன் கடிதத்துக்காகக் காத்துக் காத்துக் கண் பூத்துவிட்டது. அம்மாவிடம் கேட்டால், பேச்சை மாற்றி, மழை பெய்கிறது என்கிறாள். உனக்குத் தொண்டை வலி என்றாளே, எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

இங்கே இன்று காலையிலும் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன்.

நீ கூப்பிட்டாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா