மரகதலோசனிக்கு ஒரு சுகுமாரன்

1952, மார்ச் 2, ஞாயிறு

மூசாவிடம் இந்தத் தடவை பெண் வேஷம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஜப்பான் சண்டைக்கு முன்னாலிருந்து எங்கள் தோட்டத்து நாடகங்களில் கதாநாயகி அவன்தான். குருண் கடைத்தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன் சேலை கட்டி வந்து நின்றால் லயத்து வரிசை வீட்டுப் பெண்களே ஒரு நிமிஷம் பொறாமைப்படுவார்கள். அது அந்தக் காலம்.

"என் இடுப்பப் பாத்துத்தானே சொல்றீங்க, கிராணி?"

"இடுப்பு எங்கே இருக்கு மூசா, பார்க்கிறதுக்கு?"

சிரித்தான். ஆனால் தேத்தண்ணியில் சீனி போடவில்லை. நானும் கேட்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

என்ன செய்வது? 'மரகதலோசனி அல்லது கடல் கடந்த காதல்' படிக்காத தமிழ்க் குடும்பம் இந்த வட்டாரத்தில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிறர் வாசிக்கக் கேட்டு அழுதிருக்கிறார்கள். தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே அதைப் பதினொரு காட்சியாக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சித்திரை ஒன்றாம் தேதி குருண் படக்கொட்டகையில் நாடகம். அவசரகால ஊரடங்கு இருப்பதால் பகல் இரண்டு மணிக்கே. நிலாக் காட்சியை உச்சி வெயிலில் நடத்தப்போகிறோம். அதில் மரகதலோசனியும் தொந்தியோடு வந்து நின்றால் சனம் எழுந்து போய்விடும்.

சுகுமாரன் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 5

மரகதலோசனி கிடைத்துவிட்டாள்! நிஜப் பெண்ணே!

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராமையாவின் மகள் குணவதி. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவள். மத்தியானம் லயத்துப் பெண்களுக்கு இதே நாவலை வாசித்துக் காட்டுகிறவள். கப்பல் துறையில் மரகதலோசனி விடை கொடுக்கும் இடத்தைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கதாநாயகி நீதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

ராமையா பெரிய சூசா கொடுத்தார், லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை. சுகுமாரன் அவள் கையைத் தொடக் கூடாது. ஒரு கைக்குட்டையின் இந்த முனையை அவளும் அந்த முனையை அவனும் பிடித்துக்கொள்ளலாம். சரி என்றேன். முப்பத்தொன்பது வயதில் கைக்குட்டை பிடித்துக் காதல் பண்ண வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நாசமாய்ப் போக இந்த நாள்.

பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. நான் அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால், பெஞ்சு தூக்க வந்த தர்மலிங்கத்தை என் இடத்தில் நிற்கவைத்து, "சும்மா வாசி" என்றேன். நாலாவது டிவிஷனில் பால்மரம் வெட்டுகிறவன். இருபத்தாறு வயது இருக்கும். விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டில் பெயர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்பதோடு சரி, வாயே திறக்க மாட்டான்.

வாசித்தான். பள்ளிக்கூடமே அடங்கிப்போயிற்று. வெளியே கயிறு தாண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்! நாற்பத்தேழில் பெண்டாங் திருவிழாவில் ராஜா வேஷம் கட்டின மனோகரன். அன்றைக்கு அவனுக்காகப் பதினைந்து மைல் சைக்கிள் மிதித்துப் போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு, நீ மனோகரன்தானே என்று அவனிடம் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இங்க நான் தர்மலிங்கம். அப்படியே கூப்பிடுங்க."

ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். எனக்கு அவன் பெயரா பெரிது?

மார்ச் 10

ஆபீஸில் இரண்டு கடிதத்தைத் தப்பான உறையில் போட்டுவிட்டேன். பெரிய கிராணி, "வீட்டில் சண்டையா பரஞ்சோதி?" என்றார். எனக்கு வீட்டில் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

மார்ச் 12

அவனே சுகுமாரன். சொல்லிவிட்டேன். நான் மரகதலோசனியின் அப்பா, இரண்டே காட்சி.

எல்லோரும் என் பெரிய மனசைப் புகழ்ந்தார்கள். பெரிய மனசா? வயிறு எரிகிறது. வேறு யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவைக்கிறேன். பதினான்கு வருஷம் ராஜபார்ட் நான். அந்தப் பயல் ஒரு பக்கம் வாசித்ததில் முடிந்துபோயிற்று. ஆனால் அவனைக் கேட்ட பிறகு நான் எப்படி அந்த வசனத்தைச் சொல்வேன்? எந்த முகத்தோடு?

மார்ச் 16, ஞாயிறு

கைக்குட்டைக் காட்சி. ராமையா முன் பெஞ்சில் கைகட்டிக்கொண்டு காவல். தொடவே இல்லை. தொட்டிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது. அந்தத் துணி நடுங்கியது. மூசா என் காதில், "கிராணி, இது நடிப்பு இல்லலா" என்றான்.

மார்ச் 23

இன்று முழுவதும் நோட்டீஸ் எழுதினேன். நாடக நோட்டீஸ் என்றால் நடிகருக்கு அடைமொழி வேண்டும். ஊர் வேண்டும், புகழ் வேண்டும். மொட்டையாகப் பெயர் போட்டால் யார் வருவார்கள்? 'சிரிப்புச் சக்கரவர்த்தி மூசா' (தோழன் வேஷம் கொடுத்தேன், சமாதானம் ஆகிவிட்டான்). 'முதன்முறையாக மேடையேறும் நாடகச் செல்வி குணவதி.' சுகுமாரனுக்கு என்ன போடுவது? 'தர்மலிங்கம்' என்றால் எவனுக்குத் தெரியும்? பேனா தானாக ஓடியது. 'தர்மலிங்கம் என்கிற பெண்டாங் புகழ் ராஜபார்ட் மனோகரன்.'

பேஷ்! கூட்டம் கொட்டகையைப் பிய்த்துக்கொண்டு வரும். சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறி, அச்சாபீஸ் அப்துல் சமதிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1

பர்மிட்டுக்காக வசனம், நடிகர் பட்டியல், அடையாளக் கார்டு எண்கள், நோட்டீஸ் இரண்டு பிரதி — எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தாயிற்று. அங்கே தமிழ் படிக்கிற ரைட்டர் ஒருவர் இருக்கிறார். நோட்டீசை இரண்டு தடவை படித்தார். அழகாக எழுதியிருக்கிறோம் என்று நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3

காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போலீஸ் ஜீப் வந்தது. தர்மலிங்கத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். வாளியையும் கத்தியையும் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு அமைதியாக ஏறினான். என்னைப் பார்த்தான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 4

குணவதி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அவரு ஏன் பேர மாத்துனாருன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

அவள் சொல்லித்தான் தெரியும். நாற்பத்தெட்டில் அவன் பெண்டாங் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத்துக்காரன். அவசரச் சட்டம் வந்ததும் சங்கத்து ஆட்களைக் கம்யூனிஸ்ட் என்று பிடித்தார்கள். சிலரைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவன் தப்பி இங்கே வந்தான். அவனுடைய பெரியம்மா மகன் தர்மலிங்கம் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. செத்ததற்குக் காகிதம் கிடையாது. அந்தப் பெயரில் கார்டு எடுத்துக்கொண்டான். படமும் கைரேகையும் இவனுடையதே. நாலு வருஷம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டேன்.

போகும்போது திரும்பி நின்று கேட்டாள். "வேணும்னே செஞ்சீங்களா கிராணி?"

இல்லை என்றேன். உடனே சொன்னேன். ரொம்ப சீக்கிரம் சொல்லிவிட்டேனோ?

ஏப்ரல் 5

நான் வேண்டுமென்று செய்யவில்லை. நாடகம் நன்றாக ஓட வேண்டும் என்றுதான் —

ராமையா வந்தார், மூசா வந்தான். "ஒங்களுக்குத்தான் வசனம் எல்லாம் பாடமாச்சே, நீங்களே சுகுமாரன் கட்டிடுங்க." அவர்கள் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு சுகுமாரனுடைய கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று கப்பல் துறை வசனத்தை முழுவதும் சொன்னேன்.

ஒருவன் லாக்கப்பில் கிடக்கிறான். நான் கோட்டுப் பொத்தான் போட்டுப் பார்க்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஏப்ரல் 7

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். ரைட்டர் மொழிபெயர்த்தார். 'மனோகரன் என்கிற பெயர் நான் விளம்பரத்துக்காகப் போட்ட பொய். அந்த நடிகன் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். அவன் பெயருக்குக் கூட்டம் வரும் என்று இவன் தலையில் ஒட்டினேன். நாடகக்காரர்கள் செய்கிற மோசடிதான் இது.'

"பொய் வாக்குமூலம் என்றால் நீயும் உள்ளே போவாய், தெரியுமா?"

தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 8

தோட்டத்துத் துரை கூப்பிட்டுப் பொய்யன், வேஷக்காரன் என்றார். கேட்டுக்கொண்டேன். இன்னொரு தடவை போலீஸ் என்று பெயர் அடிபட்டால் வேலை இல்லை.

அவர்கள் பெண்டாங்கில் விசாரிக்காமல் விடமாட்டார்கள். அங்கே அவன் அம்மா இருக்கிறாளாம். நாலு வருஷமாக அவன் போய்ப் பார்த்ததில்லை. அவனைத் தெரியாது என்று சொல்லிவிடும்படி அவளுக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 10

பெண்டாங் போய் வந்தேன்.

என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் அவன், விலங்கோடு. பெண்டாங் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிற பெண்களுக்கு நடுவில் மருதம்மாள் என்று அவன் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான அம்மாள், தலையில் முக்காடு, கையில் நெல் தள்ளுகிற கட்டை. அவனைப் பார்த்ததும் "ஐயோ, என் மவனே" என்று ஓடி வருவாள். எந்தத் தாய் வரமாட்டாள்? முடிந்தது என்று நினைத்தேன்.

ரைட்டர் கேட்டார். "இவன் ஒம் மகன் மனோகரனா?"

அவள் கிட்டே வந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை, சந்தையில் சாமான் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இல்லீங்களே. எம்மவன் இவனவிட ஒசரம். அவன் நாப்பத்தெட்டுல கப்பலேறி நம்ம நாட்டுக்குப் போனான். போன எடத்துல காய்ச்சல் கண்டு செத்துட்டான்னு கடுதாசி வந்துச்சுங்க."

"கடிதம் எங்கே?"

"அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எரிச்சுட்டேன்."

ஆலைக் கணக்குப்பிள்ளை, கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் கேட்டார்கள். ஒருவர்கூட அவன்தான் என்று தலையை ஆட்டவில்லை. மருதம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டருக்கு, ரைட்டருக்கு, எனக்கு. கடைசியில் அவனுக்கும் கொடுத்தாள். விலங்குக் கையால் வாங்கிக் குடித்தான். குவளையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "யாரு பெத்த புள்ளையோ, பாவம்" என்றாள். போய் மறுபடி நெல்லைத் தள்ள ஆரம்பித்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். நான் ஒரு தடவை அவன் தோளைத் தொட்டேன். அவன் நகரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வருஷப்பிறப்பு. நாடகம் இல்லை.

ஏப்ரல் 19

விட்டுவிட்டார்கள்! தர்மலிங்கம் பெரட்டுக்கு வந்தான். பெயர் கூப்பிட்டபோது 'இருக்கேன்' என்றான். பெயர் கூப்பிட்டது நான். அதற்கு மேல் எனக்குப் பெயர்ப் பதிவுக் கட்டத்தில் எழுத்துத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவன்தான் கேட்டான்.

"ஒத்திகை எப்பண்ணே?"

மே 4

பர்மிட் மறுபடி கிடைத்தது, மே பதினெட்டுக்கு. புது நோட்டீஸ். வெறும் பெயர்கள். அப்துல் சமது, "என்ன கிராணி, எழவு அறிவிப்பு மாதிரி இருக்கு?" என்றார். இருக்கட்டும்.

மே 18, ஞாயிறு

கொட்டகை நிறைந்துவிட்டது. நான் என் இரண்டு காட்சியையும் முடித்துவிட்டு, வேஷத்தைக் கலைக்காமலே பக்கவாட்டு வாசலில் வந்து நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் முக்காட்டோடு மருதம்மாள். யார் சொன்னார்களோ தெரியாது. பெண்டாங்கிலிருந்து பஸ் மாறி வந்திருக்க வேண்டும்.

கப்பல் துறைக் காட்சி. கைக்குட்டையின் முனையை விட்டுவிட்டு சுகுமாரன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். அழாத பெண் இல்லை. ராமையாவே மூக்கை உறிஞ்சினார். மருதம்மாள் பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை இடித்தாள்.

"யாரு வீட்டுப் புள்ள ஆத்தா இது? ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே தாயி. நல்லா நடிக்கிறான்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய் அம்மா வந்திருப்பதைத் தர்மலிங்கத்திடம் சொல்லிவிட்டேன். அவன் கோட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த காட்சிக்குப் போனான்.

முடிவில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மாலை போட்டார்கள். மூசாவுக்கும் குணவதிக்கும் கைதட்டல் அடங்கவே இல்லை. பெயர் வாசித்தது நான். "சுகுமாரனாக நடித்த தர்மலிங்கம்" என்று சத்தமாக வாசித்தேன். அவன் கும்பிட்டுவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தான். பெண்டாங் பஸ் ஐந்து மணிக்கே போய்விடும். நாற்காலி காலியாக இருந்தது.