நடு எழுத்துகளைப் பற்றிய நம் சண்டை

என் அருமைச் சுகந்திக்கு,

நீ போன பிறகு வரும் முதல் குறுவை நெல் பருவம் இது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்கு அதே பஸ்ஸில்தான் போகிறேன். உன் இடத்தில் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று எழுதத்தான் ஆசை.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். தஞ்சாவூர் ஈஸ்ட் ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள் நீ. என் கொழுந்தனுக்கு உன்னைப் பேசி முடித்தவளும் நானே. ஆய்வகத்திலும் வீட்டிலும் எனக்கிருந்த கொஞ்ச இடத்தைப் பங்கு போட நானே ஆள் கூட்டி வந்தேன். மீன் குழம்பில் நடுத்துண்டை அத்தை உன் தட்டில் வைக்கும்போதெல்லாம் எனக்கு எரியும். உனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சாப்பிடுவாய்.

நம் பெரிய சண்டை, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரில் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றியது. டிஎன்ஏவில் சரியான இடத்தைத் தேடிப் பிடித்து, அங்குள்ள மரபணுவை வேலை செய்ய வைக்கும் புரதம் அது. ஜோடியாகத்தான் வரும். ஏ, டி, ஜி, சி என்று ஓடும் டிஎன்ஏ எழுத்துகளில், ஜோடியில் ஒவ்வொன்றும் மூன்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பிடிகளுக்கும் நடுவே சில எழுத்துகள் சும்மா கிடக்கும். சும்மாதான் கிடக்கின்றனவா என்பதுதான் சண்டை.

"ரெண்டு பேரும் எதுக்குடி இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க?" என்று அத்தை ஒரு நாள் கேட்டார். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நீ தார்ப்பாயைக் காட்டினாய்.

"அத்தை, இத நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு ஓரமாப் புடிக்கிறோம்ல? நடுவுல என்ன நெல்லு கெடக்குன்னு பாத்துட்டா புடிக்கிறோம்? ஓரம் கைக்கு எட்டுனாப் போதும்."

"நடுவுல பாரம் இருக்குல்ல?" என்றேன்.

"பாரம் வேற, எழுத்து வேற, அக்கா," என்றாய். அத்தை உன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீடு திரும்பவில்லை. கருமாதி முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். அழுதுகொண்டேதான் போனேன். ஆனாலும் நீ சொன்னது தப்பு என்று காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

நடு எழுத்துகளை மாற்றிப் பார்த்தேன். ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் டிஎன்ஏ கீழ்நோக்கி ஓடும்; புரதம் பிடித்துக்கொண்ட டிஎன்ஏ மெதுவாக நகரும். அதன் கோடு மேலேயே நின்றுவிடும். கோடு மேலேதான் நின்றது. வேறு மாதிரி மாற்றினேன், அப்போதும் மேலேதான். நடுவில் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டினேன்; பிடி விட்டுப்போயிற்று. எழுத்து எதுவானாலும் இடைவெளிதான் முக்கியம் என்று நீ சொன்னது அப்படியே. செத்த பிறகும் நீதான் ஜெயிப்பாயா?

பிறகு நடுவில் 'ஏ' எழுத்தையே வரிசையாக அடுக்கினேன். அப்படி அடுக்கினால் டிஎன்ஏ விறைத்துக்கொள்ளும், எளிதில் வளையாது. நம் புரதமோ பிடிக்கும்போது அதைக் கொஞ்சம் வளைக்கிறது என்பது என் சந்தேகம். கோடு மங்கியது. மறுபடி செய்தேன், மறுபடியும் மங்கியது. நீளம் அதேதான், ஓர எழுத்துகளும் அதேதான். பிடி மட்டும் தளர்ந்துவிட்டது.

ஜெல்லின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது? உன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கத்தானே இத்தனையும் செய்தேன்? நம் வழிகாட்டி பார்த்துவிட்டு, "சுகந்தி இதப் பாத்திருக்கணும்மா," என்றார். என் ஜெல், உன் பெயர்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "சின்னவ இருந்திருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்பா," என்று உன் படத்துக்குப் பூ வைத்தார்.

"இருந்திருந்தா ஒத்துக்கவே மாட்டா, அத்தை."

அவர் படத்தில் பூவைச் சரிசெய்தார். பிறகு, "ஆமாம்மா, பிடிவாதக்காரி," என்றவர் அழுதுவிட்டார். நீ போன பிறகு நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது அன்றுதான்.

உன்னைக் குறை சொல்ல இப்போது இங்கே ஆளே இல்லை. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி தருகிறேன், சுகந்தி. இடைவெளி உன் யோசனை என்று கட்டுரையில் எழுதுவேன். அடுத்த வரியிலேயே நீ எங்கே தவறினாய் என்றும் எழுதுவேன். அதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று யோசித்து அடுத்த ஜெல்லை ஓட்டுவேன். எல்லோரும் உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள். நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்பேன்.

உன்மேல் பொறாமை தீராத உன் ஓரகத்தி,
பூங்கொடி