சங்காடத்தில் கூப்பிட்டது யார்

1952 டிசம்பர் 19, வெள்ளி

காலையில் பனி. கோலமாவு ஈரத்தில் கட்டிதட்டிவிட்டது. நெய் உருக்கியாச்சு.

இவர் ஆபீசிலிருந்து வந்து சொன்னது: கிறிஸ்துமஸ் லீவில் பொன்முடிக்குக் கீழே காட்டாற்றில் சங்காடம் விடப்போகிறார்கள். மூங்கிலை அடுக்கிக் காட்டுக்கொடியால் கட்டிய மிதவை. இரண்டு மலை நடுவே ஆறு ஒடுங்குகிற இடத்தில் கரை கிடையாது, தண்ணீரோடுதான் போகமுடியும். அணைக்கட்டுக்கு இடம் பார்க்க அளவெடுப்பு. வரைபடம் போடுவது இவர் வேலை.

கூடவே பெண்கள் காலேஜ் தாவர சாஸ்திர லெக்சரர், மிஸ் பொன்னம்மாள். செடி சேகரிக்க. நாகர்கோவில்காரி. கல்யாணம் ஆகவில்லை. வயது முப்பத்திரண்டு. வயது இவருக்கு எப்படித் தெரியும், கேட்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இரண்டு நாளாக அதிகம் பேசவில்லை. இவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்று ரசம் சாதம் பிசையும்போது, "நீயும் வரியா?" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் என்னைச் சுசீந்திரத்துக்கு அப்பால் அழைத்துப்போனது கிடையாது. குழந்தைகளும் அண்ணா ஆத்துக்கு லீவுக்குப் போயாச்சு. வரேன் என்றேன்.

பிறகுதான் மீதி வந்தது. "இன்னொரு ஸ்த்ரீயும் கூட வந்தாத்தான் மிஸ் பொன்னம்மாளை விடுவேன்னுட்டாளாம் பிரின்சிபால். அதான் உன்னைக் கேட்டேன்."

அவளுக்குத் துணை. எனக்கு என்று இல்லை.

மோர் சாதத்துக்கு உப்புப் போட மறந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 25, வியாழன்

மூட்டை: புளிக்காய்ச்சல் 1 ஜாடி, முறுக்கு, அவல், மலைவாழை 2 சீப்பு, மடிப்புடவை தனிப்பையில், விபூதி, பாராயணப் புத்தகம், இவருக்குத் தைலம்.

விதுரா வரை பஸ், அங்கிருந்து ஜீப். மிஸ் பொ. முன்சீட்டில். கண்ணாடி, கைக்கடிகாரம், கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய புடவை. நல்ல நிறம் என்று சொல்லமுடியாது. சிரித்தால் நன்றாக இருக்கிறாள். எழுதித்தான் ஆகவேண்டும்.

"மிஸ்டர் ——, அந்த மரத்தைப் பாருங்க." "மிஸ்டர் ——, இங்க ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."

பெயரை நான் எழுதமாட்டேன். கல்யாணத்தன்று அம்மா சொன்னது, ஆம்படையான் பெயரை வாயால் சொன்னால் ஆயுசு குறையும். ரேஷன் கார்டு எழுத வந்தவனிடம்கூட பக்கத்தாத்து விசாலம் மாமியை விட்டுத்தான் சொல்ல வைத்தேன். இவள் ஏலக்காய் மெல்லுவதுபோல் சொல்கிறாள்.

எண்ணிக்கொண்டு வந்தேன். விதுராவிலிருந்து காட்டு பங்களா வரை பதினான்கு தரம்.

டிசம்பர் 26, வெள்ளி

குளிர். அட்டை கடித்து என் காலில் ரத்தம். இவர் பார்த்து, "உப்பு வச்சுக்கோ" என்றார். சாயங்காலம் அவள் காலிலும் அட்டை. இவரே உப்பு எடுத்துக்கொண்டு ஓடினார்.

வழிகாட்டி ஈச்சன் காணி. இந்த மலைக்காரர். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, ஆற்றை வீட்டு முற்றம் மாதிரி பேசுகிறார். இரண்டு சங்காடம் கட்டியிருக்கிறார். முன்னதில் அவர் தம்பியும் இவரும். பின்னதில் நாங்கள் இருவரும், ஈச்சன் காணியும்.

அவர் சொன்ன சட்டம்: "அம்மாமாரே, நடுவுல இருந்தோணும். கையை வெளியே நீட்டண்டா. உள்ள போனா தண்ணிச் சத்தத்துல நான் சொல்லியது கேக்காது. கம்பால மூங்கில்ல ரெண்டு தட்டு தட்டினா உடனே குனியணும். ஏன்னு கேக்கப்படாது."

மிஸ் பொ. எனக்குத் தன் பிஸ்கோத்தை நீட்டினாள். முட்டை இருக்குமோ என்று வேண்டாமென்றேன். "அக்கா சாப்பிடவே மாட்டேங்கீங்களே" என்று வருத்தப்பட்டாள். கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

இன்று பெயர் முப்பத்தொரு தரம்.

டிசம்பர் 27, சனி

ஸ்வர்க்கவாசல் ஏகாதசி. உபவாசம். விடியற்காலை ஆற்றிலேயே ஸ்நானம், பாராயணம். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

எட்டு மணிக்கு ஏறினோம். முதலில் குளம் மாதிரி தண்ணீர். பிறகு பாறைகள் இருபக்கமும் எழும்பி வெயிலை மறைத்தன. அப்புறம் ஆறு எங்களை இழுத்தது. வெள்ளை நுரை, மூங்கிலுக்கு அடியில் பாறை உரசுகிற சத்தம் தொடை வழியாக ஏறுகிறது. முகத்தில் தண்ணீர். பயந்தேன். பயத்துக்கு நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது, இவரிடம் சொல்லவில்லை.

முன் சங்காடம் இருபது முழம் முன்னால். இவர் எழுந்து நின்று, எங்கள் பக்கம் திரும்பி, பாறையில் ஒட்டியிருந்த ஏதோ பூவைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு இல்லை, அவளுக்கு. அவளுடைய பார்வை அந்தப் பாறையில். நான் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் முதுகுக்குப் பின்னால் ஆற்றின் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. தலை உயரம். தம்பிக்காணி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குனிந்தது தெரிந்தது. இவர் குனியவில்லை. அண்ணாந்து பூவையே பார்க்கிறார்.

"ஏன்னா" என்று கத்தினேன். கேட்கவில்லை. இன்னும் கத்தினேன். கேட்கவில்லை.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். முழுப்பெயர். குனியுங்கோ என்று.

தொப்பென்று உட்கார்ந்தார். சோலாத் தொப்பியை மரம் தட்டிக்கொண்டு போயிற்று. எங்கள் சங்காடமும் மரத்தடியில் போயிற்று, நாங்கள் இருவரும் மூங்கிலில் முகம் பதித்துக் கிடந்தோம்.

நிமிர்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பேரைச் சொன்னதை அவர்ட்ட சொல்லாதீங்கோ. பாவம் பண்ணிட்டேன்."

"என்னக்கா இது, ஆளைக் காப்பாத்தினது பாவமா?"

"சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினாள்.

கரையேறியதும் இவர் நேராக அவளிடம் போனார். "மிஸ் பொன்னம்மாள், நீங்க பேர் சொல்லிக் கூப்பிடலேன்னா என் தலை தொப்பியோட போயிருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன்.

"யார் கூப்பிட்டா என்ன? குனிஞ்சீங்களே, அது போதும்" என்றாள்.

"என்ன அடக்கம் பாரு" என்று இவர் என்னிடம் சொன்னார்.

டிசம்பர் 29, திங்கள்

நேற்று வீடு வந்தாச்சு. உடம்பு வலி. துணி மூட்டை அவ்வளவும் சேறு.

ஸ்ரீவராகம் கோவிலில் இருபத்தொரு பிரதக்ஷிணம். ஆயுசுக்காக. பதினேழாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது, முதலிலிருந்து சுற்றினேன்.

இவர் வாசலில் விசாலம் மாமி ஆத்து மாமாவிடம்: "அந்தப் பொம்மனாட்டிக்கு என்ன தைரியம் கேட்டேளா. மலையே எதிரொலிச்சது."

மாமி என்னிடம் கேட்டாள்: "நீ அப்போ என்னடி பண்ணிண்டிருந்தே?"

"உக்காந்திருந்தேன் மாமி."

"நன்னா உக்காந்தே போ."

நேற்றிலிருந்து ஐந்து பேரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தரமும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. என் தொண்டை இன்னும் புண். இவருக்குச் சுக்குக் கஷாயம் போட்டபோது எனக்கும் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கவேண்டுமாம். "நீயும் சாலைக் கடைத்தெருவுக்கு வாயேன், பொம்மனாட்டிகளுக்குத்தான் தெரியும்." தலைவலி என்றேன். தனியாகப் போனார்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் அவள் வாயைக் கட்டினேன். என் குரலை நானே கொண்டுபோய் அவளுக்குப் போட்டுவிட்டு, அவள் போட்டுக்கொண்டாளே என்று வயிறெரிகிறேன்.

டிசம்பர் 31, புதன்

திருவாதிரை. நல்ல வெயில். களிக்கு அரிசி வறுத்தாச்சு, வெல்லம் கரைத்து வடிகட்டியாச்சு. ஏழுகறிக் கூட்டுக்குச் சேனை மட்டும் கிடைக்கவில்லை. ஆம்படையான் தீர்க்காயுசாக இருக்க இருக்கிற நோன்பு.

களி கிளறும்போது இவர் பொட்டலத்தோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். "பிரிச்சுப் பாரேன். அவளுக்குப் பிடிக்குமா?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றேன். கிளறுவதை நிறுத்தவில்லை.

"என்னது?"

"சங்காடத்துல. அவ இல்லை. நான்."

சிரித்தார். "நீயா? பன்னெண்டு வருஷமா என்னை 'ஏன்னா' தவிர ஒண்ணு சொன்னதில்லை. எங்க, இப்பக் கூப்பிடு பார்ப்போம்."

உருளியை இறக்கி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். கூப்பிட்டேன். அன்று கூப்பிட்ட அதே சத்தத்தில், முழுப்பெயர். அடுத்த ஆத்தில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது.

இவர் சிரிப்பும் நின்றது. காது மடல் சிவந்துபோயிற்று. கல்யாணத்தன்று அப்படிச் சிவந்து பார்த்தது.

"இன்னொரு தரம்" என்றார், மெதுவாக.

"மாட்டேன். வேணும்னா உங்க லெக்சரரை வந்து கூப்பிடச் சொல்லுங்கோ."

பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். பிரித்தேன். இளநீலம், சன்னக்கரை, அவள் கட்டுகிற மாதிரி. அவளை நினைத்துப் பார்த்து எடுத்தது.

மடித்துத் திரும்ப அவர் பக்கமே நகர்த்திவிட்டேன். எனக்கு அரக்கு நிறத்தில் வேணும் என்றேன்.