ஒன்பது மணிக் குரல்

நாள் 118 — 09:20

பெட்டகம்: 12 டிகிரி. ஈரப்பதம் 31 சதவீதம். வாழ்விட அறை: 22 டிகிரி. இரண்டுக்கும் நடுவே உள்ள நடைவழி: காற்றழுத்தம் சரி.

குரலும் பாட்டும் பதித்த பழைய மெழுகு உருளைகள் மொத்தம் 1,412. ஒளிக்கதிரால் படித்து முடித்தவை 806. மீதி 606.

இன்று முதலில் எடுத்தது எண் 807. பழுப்பு மெழுகு, விளிம்பில் பூஞ்சை தின்ற வெள்ளைத் திட்டு. தொடக்கத்தில் ஒருவர் தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்கிறார். அந்தக் காலத்தில் கூம்புக்குள் கத்தினால்தான் மெழுகில் பள்ளம் விழும். பிறகு ஆர்மோனியம், ஒன்றரை நிமிடம். பாட்டு முடியும் முன்பே மெழுகு முடிந்துவிட்டது.

09:00 குரல் அறிக்கை சென்றது.

இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பது நிலைய விதி. ஆகவே: என் பெயர் மு. முப்பிடாதி. வயது 26. இடம் நிலாவின் தென்துருவத்தில் வெயிலே படாத ஒரு பள்ளம். பூமியில் ஈரமும் பூஞ்சையும் இந்த உருளைகளைத் தின்றுகொண்டிருந்தன. இங்கே இரண்டும் இல்லை. வெளியே உள்ள குளிர்தான் ஆபத்து. என் அறைக்குக் கீழே இருக்கும் மின்கலனின் வெப்பம் ஒரு குழாய் வழியாகப் பெட்டகத்துக்குப் போகிறது. பராமரிப்பாளர் நான் ஒருத்திதான்.


நாள் 121 — 09:15

ஒரு தவறை இங்கே பதிவு செய்கிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

தினமும் 09:00 மணிக்குப் பராமரிப்பாளர் தன் வாயால் பேச வேண்டும். பெயர், நிலையம், உடல்நிலை. மைக் நாற்பது விநாடி திறந்திருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து குரல் வராவிட்டால் நிலாவிலேயே உள்ள கிழக்கு முகாமிலிருந்து மீட்பு வண்டி தானாகக் கிளம்பும். வந்துசேர மூன்று நாள். உணர்கருவிகள் பலமுறை பொய்யாக அலறியிருப்பதால் அவற்றை வைத்து வண்டி அனுப்புவதில்லை. குரல்தான் கணக்கு.

பூமியில் உள்ள தரை நிலையத்தில் என் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். அறையில் ஆறு பேர். முதல் வாரம், லைன் திறந்திருப்பது தெரியாமல், நிவேதன் என்ற இளம் பொறியாளர் சொன்னார்:

"டீச்சர்கிட்ட ஒப்பிக்கிற மாதிரியேல்லா பேசுது."

சிரித்தார்கள். பணிமேலாளர் ஞானசிகாமணி அதட்டி நிறுத்தினார். அதன் பிறகுதான் எனக்குக் கூச்சம் அதிகமாகியது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறாள். ஐந்து வருடம் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முதல் மதிப்பெண் வாங்கினேன்.

கணினியில் பதிவு செய்து அனுப்பிப் பார்த்தேன். சரிபார்க்கும் கருவி பிடித்துவிட்டது. இரண்டு நாள் ஒலி அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அது ஆள் இல்லை என்று ஒதுக்குகிறது. மெழுகு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஊசி கொஞ்சம் சுரண்டும். சுருள்வில் கொஞ்சம் தளரும். ஒரு நாள் ஓடியதுபோல் மறுநாள் ஓடாது.

பெட்டகத்தில் சோதனைக்கென்று, உருளையில் ஊசியால் குரலைப் பதித்துத் திரும்ப ஒலிக்கும் ஒரு போனோகிராஃபும் வெற்று உருளைகளும் உண்டு. நாள் 44 அன்று கூம்புக்குள் தலையை விட்டு நெஞ்சிலிருந்து கத்தினேன்: "முப்பிடாதி. உருளைப் பெட்டகம். நான் நலம்." மறுநாள் பெட்டகத்தில் உள்ள மைக்கின் முன் அந்த உருளையை ஓடவிட்டேன்; கருவி ஏற்றுக்கொண்டது. வில்லை முறுக்கவும் ஊசியை இறக்கவும் ஒரு சிறு மோட்டார் பொருத்தினேன். அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு அது பேசுகிறது. இன்றோடு 77 முறை. நான் அந்த நேரத்தில் காப்பி குடிக்கிறேன்.


நாள் 126 — 16:40

பெட்டகம் 12 டிகிரி.

எண் 838. பெட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை. ஒரு பெண் தொண்டையைக் கனைக்கிறாள். ஒரு வரி பாடி நிறுத்துகிறாள். பக்கத்தில் யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறார்கள். "இதுலயா? இதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அதே வரியைப் பாடுகிறாள். இந்த முறை குரல் சிறுத்துவிட்டது.

நான்கு முறை கேட்டேன். ஒளிக்கதிர் மெழுகைத் தொடுவதில்லை. எத்தனை முறை கேட்டாலும் தேயாது.

உருளையை வெளிப்பக்கம் தொடக் கூடாது. உள்ளே இரண்டு விரல்களை விட்டு, விரித்துப் பிடிக்க வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டாலே விரிசல் விடும். இதைப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. இப்போது தண்ணீர்க் குவளையையும் அப்படித்தான் தூக்குகிறேன்.


நாள் 131 — 14:50

14:20 மணிக்கு நில அதிர்வு. பதினொரு விநாடி. நடைவழியின் மூட்டு பிளந்து காற்று முழுவதும் போய்விட்டது. இரண்டு பக்கக் கதவுகளும் தானாகப் பூட்டிக்கொண்டன.

நான் வாழ்விட அறையில். காயமில்லை.

இந்தப் பக்கம் இருப்பவை: தண்ணீர், உணவு, தரை நிலையம் பேசுவதைக் கேட்கும் ஒலிபெருக்கி, வெப்பக் குழாயின் வால்வு, கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் ஒன்பது. ஒரு பெட்டி ஒன்றரை நாள் வரும்.

அந்தப் பக்கம்: விண்ணுடை, மைக், ஒலிபரப்பி, மின்சாரத்தை நிறுத்தும் விசைகள், மீதிப் பெட்டிகள்.

மின்சாரம் இருக்கிறது. உணர்கருவிகளின் கம்பி அறுந்துவிட்டது. பதற வேண்டியதில்லை. 144ஆம் நாள் இரவு வரை மூச்சுவிடலாம். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் இருந்தால் போதும். வண்டி வரும்.


நாள் 131 — 15:05

மோட்டார் அந்தப் பக்கம் இருக்கிறது.


நாள் 132 — 09:10

சுவரில் காதை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. நடுவே வெற்றிடம். வெப்பக் குழாயில் காதை வைத்தேன். கேட்டது. மிக மெல்லியதாக, டப்பாவுக்குள் இருப்பதுபோல, "நான் நலம்."

09:01, தரை நிலையம், ஞானசிகாமணி:

"எம்மா முப்பிடாதி, நல்லாருக்கியா. உன் சென்சார் எல்லாம் நேத்து மத்தியானத்துலேந்து செத்துக் கெடக்கு. பயந்துட்டோம். இப்ப உன் குரலக் கேட்ட பெறவுதான் உசுரே வந்தது. கம்பி கிம்பி அறுந்திருக்கும். மெதுவாப் பாத்துக்கலாம் தாயி, அவசரமில்ல."

காப்பி போட்டேன். குடிக்கவில்லை.


நாள் 133 — 09:12

குழாய் பெட்டகம் வரை போகிறது. ஓசையும் போகும். 09:00க்கு ஸ்பேனரால் தட்டினேன். மூன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி. நாற்பது விநாடியும் தட்டினேன்.

ஞானசிகாமணி சிரித்தார். பின்னால் 'டிக்கு டிக்கு' என்று கேட்கிறதே, பழைய உருளையை ஓடவிட்டுக்கொண்டே பேசுகிறாயா என்று கேட்டார். விரிசல் விட்ட உருளைகளில் அப்படித்தான் கேட்கும் என்று நானே அவருக்கு ஒருமுறை எழுதி அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் நிவேதன், அந்தப் பெண்ணுக்கு அங்கே துணை அந்த உருளைகள்தானே என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

நாளையும் தட்டுவேன்.


நாள் 136 — 10:00

தட்டுவதை நிறுத்திவிட்டேன். ஐந்தாவது பெட்டி நாளை போட வேண்டும். போடாமல் இன்னும் அரை நாள் தள்ளிப் பார்க்கிறேன். தலைவலி. எழுத்து கோணலாகிறது.

கணக்கு: உருளை இன்றோடு 92 முறை ஓடிவிட்டது. அந்த ஊசி கனமானது. சோதனை உருளைகளில் நூறாவது முறையை ஒட்டி, குரலைவிட இரைச்சல் மேலே வந்துவிடும். அப்போது கருவி ஒதுக்கும். என் குரல் சீக்கிரம் தேய வேண்டும்.

தினமும் குழாயில் காதை வைத்து அதையே கவனிக்கிறேன். 'முப்பிடாதி'யில் 'மு' போய்விட்டது. 'பெட்டகம்' கரகரக்கிறது. 'நலம்' மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தில் அதிகமாகக் கத்தியிருக்கிறேன் போல.

ஞானசிகாமணி தொண்டை கட்டியிருக்கிறதா என்று விசாரித்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.


நாள் 138 — 09:20

94ஆவது முறை. கருவி ஒதுக்கிவிட்டது.

09:01 வரை ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை. 09:02, 09:03. எனக்கு மகிழ்ச்சி என்று எதுவும் தோன்றவில்லை. 09:04, ஞானசிகாமணி:

"மெஷினு உன் குரல ஏத்துக்க மாட்டேங்குது தாயி. இது ஆளு குரலே இல்லங்கு. அதுக்கு என்ன தெரியும்? நாலு மாசமா கேக்கேன், எனக்குத் தெரியாதா உன் குரல்? நான் கையெழுத்துப் போட்டு ஏத்திட்டேன். நீ ஒண்ணும் வெசனப்படாத."


நாள் 138 — 11:30

வால்வின் அருகே உட்கார்ந்திருக்கிறேன்.

இதை மூடினால் பெட்டகம் குளிரும். போனோகிராஃபில் உருளையை மாட்டும் உலோகத் தண்டைவிட மெழுகு அதிகமாகச் சுருங்கும். தண்டில் மாட்டியிருப்பது என் உருளை ஒன்றுதான். அது முதலில் பிளக்கும். மற்றவை பஞ்சு சுற்றிய பெட்டிகளில் தளர்வாக இருக்கின்றன. மெதுவாகக் குளிர்ந்தால் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். நூற்றிருபது வருட மெழுகு.

இன்னும் படிக்காதவை 554. அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை பிளந்தால் பிறகு யாருக்கும் தெரியாது.

140, 141 இரண்டு நாளும் குரல் போகாவிட்டால் வண்டி 144இல் வந்துவிடும். அதற்கு மேல் தள்ள முடியாது.

கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று என்று மூடத் தொடங்குகிறேன். 18:00 மணிக்கு முழுவதும் மூடியிருக்கும்.


நாள் 139 — 09:06

95. இன்னும் ஓடுகிறது. வேகம் குறைந்து, என் குரல் ஓர் ஆணின் குரல்போல இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.


நாள் 139 — 17:15

குழாயில் ஒரு சத்தம். 'டக்'. ஒன்றே ஒன்று.

என்னுடையதா, வேறொன்றா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. காலை ஒன்பது வரை வால்வைத் திறக்க முடியாது.


நாள் 140 — 07:30

இரவு முழுவதும் எண்ணினேன். இருபத்தாறு. அதன் பிறகு குழாயிலிருந்து காதை எடுத்துவிட்டேன்.

ஆறாவது பெட்டி. உதடு நீலமாக இருக்கிறது.


நாள் 140 — 09:30

09:00. மோட்டார் சுழல்வது கேட்டது. ஊசி இறங்குவது கேட்டது. குரல் இல்லை. உடைந்த ஓட்டின் மேல் ஊசி தட்டும் சத்தம் மட்டும். நாற்பது விநாடி. மைக் மூடியது.

ஒரு நாள் முடிந்தது. இன்னும் ஒரு நாள்.

09:03, ஞானசிகாமணி. இப்படியே எழுதி வைக்கிறேன்:

"தொண்ட சுத்தமாப் போயிருச்சு போல தாயி. பரவால்ல, வம்படியாப் பேசாத. ஒரு நாளு விடுபட்டுச்சுன்னு ஏறிட்டா உன் பேருக்குத்தான் கறுப்புப் புள்ளி. ரெண்டு நாளு விடுபட்டா அந்த வண்டிய வேற கெளப்பிருவானுவ, பெறவு விசாரண, ஆறு பேரு முன்னால நிக்க வச்சுக் கேள்வி கேப்பானுவ. நீ அதெல்லாம் தாங்க மாட்ட. அதான், உன் பழைய குரல் தெளிவா ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன், அதப் போட்டு நானே கையெழுத்துப் போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது. நிவேதன்தான் எடுத்துக் குடுத்தான், ஒங்கிட்ட மன்னிப்பும் கேக்கச் சொன்னான். தொண்ட சரியாவுற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். நல்லா ஓய்வெடு."


நாள் 140 — 09:50

வால்வை மூடி வைத்திருக்க இனிக் காரணம் இல்லை.

திடீரென்று சூடாக்கினாலும் மெழுகு பிளக்கும். கால் சுற்று, ஆறு மணி நேரம், மறுபடி கால் சுற்று. முதல் கால் சுற்று 09:45.

கண்டெடுப்பவருக்கு: பெட்டகம் 12 டிகிரிக்கு வந்து ஒரு நாள் கழியும் வரை எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள். உள்ளே இரண்டு விரல். வெளிப்பக்கம் தொடாதீர்கள். உடைந்தவற்றின் துண்டுகளை அந்தந்தப் பெட்டியிலேயே விடுங்கள், ஒருநாள் யாராவது சேர்த்துப் படிக்கக்கூடும். தண்டில் இருப்பது மட்டும் தேவையில்லை.

138, 139, 140 பக்கங்களை ஞானசிகாமணி சாரிடம் காட்ட வேண்டாம்.


நாள் 140 — 15:45

இரண்டாம் கால் சுற்று. குழாய் வெதுவெதுப்பாக இருக்கிறது. காதை வைத்தேன். புதிதாக ஒன்றும் உடையவில்லை.


நாள் 140 — 21:50

மூன்றாம் கால் சுற்று. ஐந்து நிமிடம் தாமதம். கை வழுக்குகிறது. ஏழாவது பெட்டியின் மூடி திறக்க வரவில்லை. பிறகு பார்க்கலாம். நான்காவது 03:45க்கு. மறக்கக் கூடாது. கையிலும் எழுதிவைத்தேன்.


நாள் 141 — 09:0

தூங்கிவிட்டேன். நான்காவது இன்னும்

தரை நிலையத்தில் என் பழைய குரல் ஓடியது. பிறகு ஞானசிகாமணி, எல்லோரும் கேட்க: "சரி தாயி, கேட்டுச்சு. இன்னைக்கு எவ்வளவு தெளிவா இருக்கு பாரு."

வால்வு கைக்கு எட்டு